பிரிக்காத துண்டுகள்

எங்கள் வாப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் இருவருக்கு ஓர் அறை. நடுவில் ஒரு திரை தொங்கும். அதை இழுத்து மூடினால் வாப்பாவுக்குப் பயம் பிடித்துவிடும். இலங்கையில் புத்தளத்து அகதி முகாமில் சாக்கால் மறித்துப் படுத்த நாட்களுக்குப் போய்விடுவார், நாளைக்கென்று பாண் துண்டைத் தலையணைக்குள் ஒளிப்பார். அதனால் அந்தத் திரை எப்போதும் சுவரோடு ஒதுங்கியே கிடக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு எங்கள் குடும்பத்துச் சண்டை சமாதானம் எல்லாம் தெரியும். பாஷை மட்டும்தான் தெரியாது.

நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கினால் பின்னேரம் ஏற்றும்வரை நேரம் சும்மா கிடக்கும். மற்றச் சாரதிகள் கோப்பிக் கடையில் இருந்து ஊர்வம்பு அளப்பார்கள். நான் சோற்றுப் பெட்டியோடு மார்க்கம் வீதியில் உள்ள இல்லத்துக்குப் போவேன். எனக்குத் தம்பிமார் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ராத்தா, மூத்த அக்கா. "ராத்தா, நீங்க பக்கத்திலதானே" என்று ஒரே சொல்லில் வாப்பாவை என் தலையில் கட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமையில் முறை வைத்து எட்டிப் பார்ப்பார்கள், அதையும் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுவார்கள்.

வாப்பாவுக்கு மறதி நோய். என் பெயர் போய்விட்டது, தம்பிமாரின் பெயர்களும் போய்விட்டன. போகாதது உம்மா மட்டும்தான். நான் போனவுடன் கேட்பார், "உம்மா எங்க?" உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பல வருடம். ஆனால் நாங்கள் எல்லோரும் பேசி வைத்த பதில் ஒன்று இருக்கிறது: "கடைக்குப் போயிருக்கிறா." வாப்பாவுக்கு அது போதும். சாமான் விலையைப் பற்றி ஏதாவது முணுமுணுத்துவிட்டு வாயைத் திறப்பார். நான் சோற்றைத் தீத்துவேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நைஜீரியாக்காரர். யோருபா மக்களில் ஒருவர், முஸ்லிம். ஹஜ் செய்து வந்தவரை அங்கே அல்ஹாஜி என்பார்களாம். எங்களுக்கும் அவர் அல்ஹாஜிதான். இலோரின் என்ற ஊரில் துணி வியாபாரம் செய்தவர், ஓதப் படித்ததோடு சரி, ஆங்கிலம் எழுதத் தெரியாது. மகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டாள். மனைவி, இந்தக் குளிர் எனக்குச் சரிவராது என்று ஊரிலேயே நின்றுவிட்டா. வந்த இடத்தில் அவருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தார்கள், நாக்கிலும் பாதியை எடுத்தார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதற்கு மேல் வெள்ளைத் துணி. சாப்பாடு குழாயில். நீரிழிவு காலையும் முடக்கிவிட்டது. காது மட்டும் பாம்புக் காது. இரவில் பனி விழுவதைக்கூடக் கேட்பார் என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பிள்ளை பருத்தித்துறைக்காரி. வேலையில் குறை சொல்ல முடியாது, வாயிலும் குறை சொல்ல முடியாது. அல்ஹாஜிக்குத் தண்ணீர், நோவு, கழிப்பறை என்று படம் போட்ட ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். அவர் தேவைக்கு அதைத் தொட்டுக் காட்டுவார். மற்ற நேரத்தில் கறுப்பு மார்க்கரால் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதுவார். வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில்.

"அன்ரி, உது உங்கட வேத எழுத்தெல்லோ," என்றாள் பிள்ளை. "பாவம், நாள் முழுக்கப் பிரார்த்தனைதான் எழுதுறார். குப்பையில போட எனக்கு மனம் வரேல்ல. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறன். கால் படாத இடம்."

நான் அவளை மெச்சினேன். வேற்றுச் சமயத்துப் பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை தெரிகிறதே என்று நெஞ்சு குளிர்ந்தது. அலுமாரிக்கு மேலே அவர் கை எட்டாது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் ஒரு துண்டு கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. அரபு எழுத்து தரையில் கிடக்க ஒரு முஸ்லிம் விடமாட்டான். எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். ஒற்றிய கையோடு பழக்கதோஷத்தில் எழுத்துக் கூட்டினேன். பிஸ்மில்லாஹ்வில் தொடங்கும் என்று பார்த்தால் தொடங்கவில்லை. எனக்குத் தெரிந்த எந்த ஓதலிலும் அது இல்லை. அடியிலும் மேலேயும் உயிர்க்குறி போட்டு, சத்தம் பிசகாமல் எழுதியிருந்தது.

"ஷே இயா ரெ தி கூ," என்று வாய்விட்டு வாசித்தேன்.

"ஆமீன்," என்றார் வாப்பா, வாய் நிறையச் சோற்றோடு. அவருக்கு யார் எதை நீட்டி வாசித்தாலும் அது துஆதான், பிரார்த்தனைதான்.

அல்ஹாஜி கட்டில் கம்பியில் கையால் ஓங்கி அடித்தார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. இன்னொருமுறை என்று விரலால் காட்டினார். வாசித்தேன். இன்னொருமுறை. வாசித்தேன். குரல் போன மனிதனுக்குத் தன் சொல் ஒரு பெண்பிள்ளையின் வாயிலிருந்து, அதுவும் பொருள் தெரியாத வாயிலிருந்து, திரும்பக் கிடைத்தது.

அது அரபு அல்ல என்பது எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் உம்மா. உம்மா குர்ஆன் பள்ளிக்கு மட்டும் போனவ. தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் தமிழை வெளுத்து வாங்குவா. எங்கள் ஆட்கள் அரபுத்தமிழ் என்பார்கள். அரபில் இல்லாத சத்தங்களுக்கு ஒரு புள்ளி கூட்டி ஒரு கோடு கூட்டிச் சமாளிக்கும் எழுத்து. மார்க்கப் புத்தகங்களை அதில் எழுதினார்கள் என்று பெரியவர்கள் பெருமையடிப்பார்கள். எங்கள் வீட்டில் அதில் எழுதப்பட்டது பெரும்பாலும் மாமியாரைப் பற்றிய முறைப்பாடு. வாப்பா வியாபாரத்துக்கு வெளியூர் போனால் உம்மா எழுதி அனுப்புவா. திட்டை வாசிக்கும் ஆசையில்தான் நான் அந்த எழுத்தைப் பிடித்தேன். ஆகையால் அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அல்லாஹ்வின் சொல் என்று என்னை ஏமாற்ற முடியாது.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்து வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போனில் தேடினேன். யோருபாவும் அப்படித்தானாம். வெள்ளைக்காரப் பாதிரிமார் ரோமன் எழுத்தோடு வருமுன்னரே அங்கே ஓதிப் படித்தவர்கள் தங்கள் பாஷையை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அஜமி என்று பெயர். பாட்டு எழுதியிருக்கிறார்கள், வைத்தியம் எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கு ஆள் சேதி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, ரோமன் எழுத்து வந்தது, உத்தியோகம் அதற்குப் பின்னால் போனது. அரபு எழுத்து ஓதுவதற்கும் தாயத்துக்கும் என்று ஒதுங்கிவிட்டது. வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு எழுத்தைப் புனிதம் என்று தூக்கி மேலே வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அதை யார் வாசிக்கிறார்கள்?

அதன்பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் அல்ஹாஜியின் முறை. அவர் எழுதுவார், நான் யோருபாவில் வாசிப்பேன், தமிழில் பதில் சொல்வேன். ஜன்னலைக் காட்டி எழுதினால் பனியைத் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வேன். "ஓம் அல்ஹாஜி, சனியன் பிடிச்ச பனிதான்," என்பேன். வாப்பா ஒவ்வொன்றுக்கும் ஆமீன் போடுவார். அறையைக் கடந்து போகிறவர்கள் ஏதோ பெரிய ஓதல் நடக்கிறதென்று சத்தத்தைக் குறைத்துப் போனார்கள். பழைய துண்டுகள் மேலேதான் இருந்தன. அவற்றை இறக்கிப் பார்க்க எனக்கு அவசியம் தோன்றவில்லை.

என்ன எழுதினாலும் கடைசியில் அந்த முதல் வசனத்துக்கு வந்துவிடுவார். ஷே இயா ரெ தி கூ. வேகமாக எழுதுவார், மெல்ல எழுதுவார், ஒருநாள் பேப்பர் கிழியும்படி எழுதினார். அது ஏதோ பாட்டின் பல்லவி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்குப் பாடமாகிவிட்டது. மல்வேர்னில் வெறும் பஸ்ஸைத் திருப்பும்போது அதை முணுமுணுத்துக்கொண்டு போவேன். ஒருமுறை பிள்ளைகள் ஏறியிருந்தபோது பின் இருக்கையில் இருந்த சின்னப் பெண் கேட்டுவிட்டுத் தானும் ராகத்தோடு சொன்னாள்.

மகளை நான் அதுவரை கண்டதில்லை. அவள் ரெக்ஸ்டேலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருவாள். அது என் தம்பிமார் படம் பிடிக்கும் நாள். மார்ச் விடுமுறை வந்தது. எனக்கு பஸ் இல்லை, அவளுக்கும் லீவு. ஒரு புதன்கிழமை மதியம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். களைத்த முகம், பளிச்சென்ற தலைத்துண்டு. ஆஸ்பத்திரியில் உதவியாளாக வேலை செய்துகொண்டு தாதிச் சோதனைக்குப் படிக்கிறாளாம். என்னைக் கண்டதும் முழங்காலைக் கொஞ்சம் மடித்து ஸலாம் சொன்னாள். அவர்களிலும் மூத்தவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. "அன்ரி" என்றே கூப்பிட்டாள்.

தகப்பனிடம் யோருபாவில் நிறையப் பேசினாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கடைக்குப் போயிருக்கிறா என்று சொல்லும்போது நான் சிரிப்பது அப்படித்தான்.

அல்ஹாஜி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மார்க்கரை எடுத்தார். ஒரே வரி. மடிக்காமல் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பார்க்காமலே இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், நெற்றியில் வைத்தாள்.

"ஆமீன்," என்றாள். துண்டு கைப்பைக்குள் போனது.

அல்ஹாஜி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் பிள்ளை பிரித்துப் பார்க்கவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"துஆ எழுதியதைப் பிரிக்கக்கூடாது, அன்ரி. பலன் போய்விடும். சின்ன வயதிலிருந்து எனக்கு எழுதித் தருவார். சோதனைக்கு, பயணத்துக்கு, பிள்ளைப்பேற்றுக்கு. இப்போது வாய் போன பிறகு ஒவ்வொரு முறையும் தருகிறார்." குரலைத் தாழ்த்தினாள். "பிரித்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஓதப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம்."

"துஆ மட்டும் எழுதுகிறவர் இல்லை உன் தகப்பன். அது உங்கள் பாஷைதான். நான் நாள்தோறும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். பொருள் எனக்குத் தெரியாது, சத்தம் தெரியும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "தா, வாசிக்கிறேன். நீ பொருளைச் சொல்லு."

அவள் தயங்கித்தான் எடுத்தாள். பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. "இதுவா? இது எனக்குப் பாடம்." பேப்பரைப் பார்க்காமலே சொன்னேன். "ஷே இயா ரெ தி கூ."

அவள் முகத்தை நான் மறக்கமாட்டேன். உயிர் போன முகம். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். வாப்பா ஆமீன் என்றார். அவள் எழுந்து வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன்.

தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் தாய் செத்துவிட்டாளா என்று என்னிடம் கேட்கிறார், அன்ரி," என்றாள்.

தாய் மௌத்தானது ஊரில் மழைக்காலம் முடியுமுன்பாம், இங்கே இலை உதிர முன்பு. தகப்பன் அப்போதுதான் சத்திரசிகிச்சை முடிந்து கிடந்தார். அவருக்குச் சொல்லாதே, தாங்கமாட்டார், கொஞ்சம் தேறட்டும் என்று ஊரில் இருந்த சகோதரர்கள் கட்டளை போட்டார்கள். எங்கள் ஆட்களும் இதைத்தானே செய்வார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வந்த வீடியோ அழைப்பு நின்றது. போன் பழுது என்றாள், சிக்னல் இல்லை என்றாள், தாய்க்குக் கண் ஒப்பரேசன் என்றாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு துண்டு எழுதினார். அவள் நெற்றியில் வைத்து ஆமீன் சொன்னாள். அடுத்த ஞாயிறும் கேட்டார், அடுத்த ஞாயிறும் ஆமீன் சொன்னாள்.

"ஒன்றை மகனின் ஜக்கெட்டுக்குள் வைத்துத் தைத்தேன்," என்றாள். "ஒன்றைச் சோதனைக்கு முன்னால் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன்."

எங்களிலும் பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் உண்டு. நானும் குடித்திருக்கிறேன். அந்தத் தண்ணீரின் ருசி எனக்குத் தெரியும். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போ என்று சொல்லவும் துணிவில்லை, போகாதே என்று சொல்லவும் துணிவில்லை. அவளாகத்தான் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலில் இருந்தாள். யோருபாவில் மெல்லச் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. அல்ஹாஜி அவளுடைய தலையில் கையை வைத்தார். கழுத்துத் துணி மட்டும் வேகமாக உள்ளே போய் வெளியே வந்தது. அவருக்கு அழுதாலும் சத்தம் வராது. நான் வாப்பாவின் கட்டிலுக்கு நகரப் பார்த்தேன். அல்ஹாஜி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கரைத் தேடினார். எழுதி எனக்கு நீட்டினார். மகளுக்கு நீட்டவில்லை.

புது வசனம். தடக்கித் தடக்கி வாசித்தேன்.

"ஆமீன்," என்றார் வாப்பா.

என் வாழ்நாளில் வாப்பாவின் வாயைப் பொத்த வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

மகள் திரும்பாமலே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "தாயை யார் குளிப்பாட்டினது என்று கேட்கிறார்."

அவளுக்குத் தெரியாது. அடக்கத்துக்கு அவள் போகவில்லை. தகப்பனை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, போனில்தான் பார்த்தாள். குளிப்பாட்டும் இடத்தில் யாரும் போனைப் பிடிக்கமாட்டார்களே. தாயின் தங்கைக்கு உடனே அழைத்தாள், சத்தத்தைக் கூட்டித் தகப்பனின் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் முதலில் சாதாரணமாகப் பேசி, பிறகு உடைந்து, பிறகு நீண்ட நேரம் சொல்லிக்கொண்டே போனது. என் கையால்தான் குளிப்பாட்டினேன், தலைமுடியை நான்தான் பின்னினேன் என்று சொன்னாளாம். அல்ஹாஜி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய கை கட்டில் கம்பியிலிருந்து இறங்கியது.

பருத்தித்துறைப் பிள்ளை விசயம் அறிந்து அலுமாரிக்கு மேலிருந்த பையை இறக்கிக் கொண்டு வந்தாள். "எனக்குத் தெரியாது அன்ரி, சத்தியமாத் தெரியாது," என்று அழுதாள். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசியுங்கள் என்றாள். பின்னேரம் முழுக்க வாசித்தேன், அவள் பொருள் சொன்னாள். இரவில் கால் குளிர்கிறது. பேரனை ஏன் கூட்டி வரவில்லை. மற்றதெல்லாம் அதே கேள்வி. ஒன்றில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டதும் அவள் போதும் என்று கையைக் காட்டிவிட்டாள். பிறகு கார் தரிப்பிடத்தில் வைத்துத்தான் எனக்குச் சொன்னாள்: நான் தாங்குவேன், சொல்லு.

அதற்குப் பிறகு அல்ஹாஜி எழுதவில்லை. மார்க்கரை நீட்டிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என்னோடு கோபம் இல்லை, ஸலாமுக்குக் கை உயர்த்துவார். ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் காட்டுவதோடு சரி. ஞாயிறு வரும்போது மகள் இப்போது சிரித்துப் பேசுவதில்லையாம். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாளாம். தம்பி சொன்னான்.

அவர்களைப் பார்த்து எனக்கும் ஒரு வைராக்கியம் வந்தது. பொய் சொல்லியே இந்த மனிதரை வைத்திருக்கிறோமே என்று. ஒருநாள் வாப்பா கேட்டார், "உம்மா எங்க?"

சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். "உம்மா மௌத்தாகிட்டா, வாப்பா."

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப?" என்றார். "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" பிறகு குழந்தை மாதிரி அழுதார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் இருந்து அழுதேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து அல்ஹாஜி கையை நீட்டினார். எட்டவில்லை. ஆனாலும் நீட்டியபடியே வைத்திருந்தார். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது. அழுத முகத்தோடு பஸ் ஓட்டினேன்.

அடுத்த நாள் சோற்றுப் பெட்டியோடு போனேன். வாப்பா பளிச்சென்று இருந்தார். என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உம்மா எங்க?"

அல்ஹாஜிக்கு ஒருதரம் சொன்னால் போதும். அவர் கேட்டார், தெரிந்துகொண்டார், இனி அவருடைய துக்கம் அவரோடு. என் வாப்பாவுக்கு நான் ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அவருக்கு உம்மா அன்றைக்குத்தான் சாவா.

அல்ஹாஜி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா என்ன கேட்கிறார் என்று அவருக்கு இப்போது தெரியும் போல இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கடைக்குப் போயிருக்கிறா, வாப்பா," என்றேன்.

வாப்பா சாமான் விலையைப் பற்றி முணுமுணுத்துவிட்டு வாயைத் திறந்தார்.